கந்தசாமி நஞ்சன்கூடு போயிருக்கிறார்

டெலிபோன் இருக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் என்று எங்கள் பேட்டையான தேவராஜ மொஹல்லாவில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண்கள் அநேகம். "ஒனக்கென்னம்மா, பெங்களூரு வரைக்கும் ஒக்காந்த எடத்துல பேசலாம்" என்பார்கள். பதில் தொண்டை வரைக்கும் வரும்; விழுங்கிக்கொள்வேன். அந்த டெலிபோனை நான் தினமும் துடைத்திருக்கிறேன். அதற்குப் பூப்போட்ட சீட்டித் துணியில் உறை தைத்திருக்கிறேன். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறேன். அதில் பேசியது மட்டும் கிடையாது. காரணம், என் அத்தை.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. தன் மகனுக்கே என்னைக் கட்டிக்கொண்டதால் மாமியாரும் அவளேதான். மாமா மரக்கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. பெங்களூர் வியாபாரிகளோடு பேசுவதற்கென்று டெலிபோனை வாங்கிச் சுவரில் மாட்டியவர் அவர். மாட்டிய மறு வருஷமே கண்ணை மூடிவிட்டார். கடையையும் டெலிபோனையும் அத்தை கையில் எடுத்துக்கொண்டாள். கடையை நன்றாகவே நடத்தினாள், அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நெடுநெடுவென்று உயரம், பதினெட்டு முழப் புடவையையும் இழுத்துச் செருகிய கட்டு, மரத்தூள் படிந்த பாதம். கட்டையை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். கூலியாட்கள் அவளுக்குப் பயந்தார்கள். நானும்தான்.

டெலிபோன் ஆபீஸ்காரர்கள் மாமாவிடம் சொல்லிவிட்டுப் போன கணக்கு இவ்வளவுதான்: ஊருக்குள் எத்தனை தரம் பேசினாலும் வருஷ வாடகைக்குள் அடக்கம். வெளியூருக்குப் பேசினால் அது டிரங்க் கால். மூன்று நிமிஷத்துக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்ட வேண்டும். இதை அத்தை பிடித்துக்கொண்ட பிடி இருக்கிறதே, உடும்புகூட அப்படிப் பிடிக்காது. வாடகை கட்டிவிட்டதால் ஊருக்குள் பேசாமல் விடுவது நஷ்டம். வெளியூருக்குப் பேசுவது பெரும் நஷ்டம். இந்த இரண்டு நஷ்டத்துக்கும் நடுவில்தான் எங்கள் குடும்பமே ஓடியது.

வீட்டுக் கடிகாரம் ஒரு நாள் நின்றுபோனது. ரிப்பேருக்குக் கொடுக்கவே இல்லை. தினம் காலையில் டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றி, எக்ஸ்சேஞ்சில் யார் எடுத்தாலும், "மணி என்னா?" என்பாள். சொல்வார்கள். "வெச்சிடறேன்" என்று வைத்துவிடுவாள். எனக்கு வெட்கமாக இருக்கும். "கடிகாரத்தைச் சரி பண்ணிடலாமே அத்தை" என்றால், "எதுக்கு? அதுக்கும் சேத்துத்தான் வாடகை கட்டறோம்" என்று பதில் வரும்.

தசராவில் எல்லோரும் நடு மத்தியானத்திலேயே போய் ரோட்டோரம் இடம் பிடித்து வெயிலில் காய்வார்கள். அத்தை போக மாட்டாள். ஊர்வலம் போகிற வழியில் டெலிபோன் வைத்திருந்த ஜவுளிக் கடைக்குப் போட்டு, "யானை எங்க வந்திருக்குது?" என்று கேட்பாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். அந்தக் கடைக்காரர் பாவம், மகாராஜாவைப் பார்க்க வாசலுக்கு ஓடுவதா, அத்தைக்குப் பதில் சொல்ல உள்ளே ஓடுவதா என்று தவித்திருப்பார். "பக்கத்துல வந்துட்டுதம்மா" என்று அவர் சொன்ன பிறகுதான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்புவோம். யானையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். இரண்டு வருஷம் நான் அம்பாரியைக் கண்ணால் காணவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்துக்கு டாக்டரைக் கூப்பிட வருவார். அத்தை தாராளமாகப் பேசச் சொல்வாள். அதில் கணக்குப் பார்க்கவே மாட்டாள், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் டாக்டரிடம் அவர் பேசி முடிக்கிற நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "பேசறதோட பேசறது, எனக்கு முழங்கால் வலிக்கு என்னா தடவலாம்னு கேட்டுடுங்க" என்பாள். மனுஷர் அங்கே குழந்தைக்கு ஜுரம் என்று பதறிக்கொண்டிருப்பார்.

டிரங்க் கால் என்றால் அத்தை வேறு ஆள். பெங்களூர் வியாபாரியிடம் பேச வேண்டிய நாளில் எனக்குச் சமையல் ஓடாது. நான்தான் வியாபாரியாக நின்று ஒத்திகை பார்க்க வேண்டும். அத்தை கேள்வியைக் கேட்பாள். வியாபாரி என்னென்ன சாக்குச் சொல்வானோ அத்தனையும் நான் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதிலைச் சுருக்கிச் சுருக்கி வைத்துக்கொள்வாள். நான் இழுத்துப் பேசினால், "அவன் இவ்ளோ பேச மாட்டான், நீ சீக்கிரம் சொல்லு" என்று அதட்டுவாள். ஒரு தரம் லைன் கிடைத்ததும் அந்த வியாபாரி மரியாதைக்கு, "சௌக்கியமா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார். "சௌக்கியத்தைக் கடுதாசியில கேளுங்க! தேக்கு என்னா வெலை?" என்று இவள் போட்ட சத்தத்தில் கீழே ரம்பம் இழுத்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கல்யாணமாகி ஆறு மாதத்தில் என் வீட்டுக்காரருக்குப் பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மெண்டில், பட்டாளத்துச் சாமான் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்தது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அந்த வேலைக்குத் தட்டுப்பாடு இல்லை. அவர் போன பிறகு அத்தை கண்டுபிடித்த ஏற்பாட்டைத்தான் என்னால் இன்று வரைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

டிரங்க் காலில் ஆளைப் பேர் சொல்லிக் கேட்கிற ஒரு வகை உண்டு. இன்னாரோடு பேச வேண்டும் என்று அங்கே பதிவு செய்தால், எக்ஸ்சேஞ்சுக்காரர் நம் வீட்டுக்குப் போட்டு, "இன்னார் இருக்கிறாரா?" என்று கேட்பார். இருந்தால் பேசலாம், காசு. இல்லை என்றால் காலுக்குக் காசு இல்லை; கூப்பிட்டவன் பேருக்கு ஒரு சில்லறை கொடுத்தால் போதும். யாரோ வியாபாரி வாயிலிருந்து இதைக் கேட்டதும் அத்தை அன்று பூராவும் தனக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள். மகன் சனிக்கிழமை வந்தபோது உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

கந்தசாமி என்று கேட்டால் நான் சௌக்கியம் என்று அர்த்தம். முனிரத்தினம் என்றால் இந்தச் சனிக்கிழமை வருகிறேன். துரைசாமி என்றால் வரவில்லை. அப்பாதுரை என்றால் கைச்செலவுக்குப் பணம் வேண்டும். நால்வரும் எங்கள் வம்சத்தில் எப்போதோ செத்துப்போனவர்கள். உயிரோடிருப்பவர் பேரை வைத்தால் யாராவது தெரியாமல் "நான்தான்" என்று வாங்கிப் பேசிவிடுவார்களாம். பதிலுக்கும் ஏற்பாடு இருந்தது. "நஞ்சன்கூடு போயிருக்காரு" என்றால் நாங்களும் சௌக்கியம். "ஹனூர் போயிருக்காரு" என்றால் எங்களுக்கு ஏதோ கஷ்டம், கடிதம் வருகிறது. "அப்படி யாரும் இங்க இல்ல" என்றால் நீ சொன்னது புரியவில்லை.

"செத்தவங்க பேரைச் சொல்லி ஏமாத்தறது தப்பில்லையா அத்தை?" என்று நான் கேட்டேன்.

"யாரு ஏமாத்தினா? கந்தசாமி இருக்காரான்னு கேட்டான். இல்லைன்னேன். இருக்காரா அவரு?"



வாரத்துக்கு இரண்டு தரமாவது மணி அடிக்கும். அத்தை எடுப்பாள், வேறு யாரும் எடுக்கக் கூடாது. "கந்தசாமியா? நஞ்சன்கூடு போயிருக்காரு." டக்கென்று வைத்துவிடுவாள். என் பக்கம் திரும்பி, "ஒம் புருசன் சௌக்கியமா இருக்கான்" என்பாள். வாடகையைவிட அதிகமாகவே வசூலித்துவிட்ட திருப்தி முகத்தில் தெரியும். எக்ஸ்சேஞ்சில் ஒருவர் ஒரு நாள் தாங்க முடியாமல், "ஏனம்மா, ஒங்க மனெயில யாருமே இருக்கறதில்லவா? அந்தக் கந்தசாமி எப்பத்தான் திரும்பி வருவாரு?" என்று கேட்டுவிட்டார். "அவரு திரும்பி வர்ற மாதிரி தெரியலீங்க" என்றாள் அத்தை.

நான் கேட்டது ரொம்பப் பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தரம், அவர் பேசி நான் கேட்க வேண்டும். சனிக்கிழமை வருகிறாரே, நேரில் பேசக் கூடாதா என்பீர்கள். அத்தையும் அதையேதான் சொல்வாள். "நேர்ல வரான், சும்மா பேசு." எங்கே பேசுவது? வந்ததும் கடைக்கணக்கு, பிறகு சாப்பாடு, சாப்பிடும்போது அத்தை எதிரில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரயில். அவர் என்னைக் கூப்பிடுவது "இந்தா". நான் அவரைக் கூப்பிடுவது இருமி. டெலிபோனில் என்றால் பேர் சொல்லித்தானே கூப்பிட்டாக வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

என் பேர் மரகதம். அது என் அப்பாவைப் பெற்றவளின் பேர். தொட்டிலில் போட்டபோது என் காதில் மூன்று தரம் சொல்லி வைத்தது அத்தைதான். வைத்ததோடு சரி. மாமியார் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று என் அம்மா என்னைப் பாப்பா என்றாள். அம்மா சொன்னதையே எல்லோரும் சொன்னார்கள். பத்தொன்பது வயசில் தாலி கட்டிக்கொண்ட பிறகும் நான் பாப்பாதான். கீழே மரம் அறுக்கிறவர்கள்கூடப் பாப்பாம்மா என்பார்கள்.

ஒரு நாள் அத்தை கந்தசாமியை நஞ்சன்கூட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். எக்ஸ்சேஞ்சுக்காரர் குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஓர் இருமல் கேட்டது. அவருடையதுதான். இரண்டு தரம் இருமினார். அத்தை வைத்துவிட்டாள். "கேட்டியா? இருமலு சும்மா கெடைச்சுது" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனேன். அன்று சாயந்திரமே பெங்களூருக்கு மரம் ஏற்றிய லாரியில் திப்பிலி லேகியம் ஒரு டப்பா போனது. இரவெல்லாம் நெஞ்சில் தேய்க்கத் தைலம் ஒரு புட்டி, அதற்கு மேல் ஒரு கம்பளி. லேகியத்தைக் கிளறியது அத்தை. அதற்கான செலவில் பத்து நாள் பேசியிருக்கலாம். இந்தக் கணக்கை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். இப்போது என் வீட்டுக்காரர் இதை விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

மத்தியானம் பின்கட்டுக் குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். முன்னறையில் மணி அடித்தது. செவ்வாய்க்கிழமை அவர் கூப்பிடுகிற நாள் இல்லை. கடைக்கு யாரோ என்று இருந்துவிட்டேன். அத்தை ஏதோ சொன்னதும் வைத்ததும் கேட்டது. வழக்கம்போலத்தான். பிறகு அவள் பின்கட்டு வாசல்படிக்கு வந்து நின்றாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, மரகதம்னு ஒரு பேரு வெச்சிருந்தோமா? அது எதுக்கு?"

"எது அத்தை?"

"ஒம் புருசன்தான். பெங்களூருலேருந்து. எங்க அம்மா பேரைச் சொல்லி இருக்காங்களான்னு கேக்கறான். அந்தப் பேரு நம்ம கணக்குல இல்லையே. புதுசா எதுக்கு வெச்சான், என்னா சேதி, ஒண்ணும் வெளங்கல. அப்படி யாரும் இங்க இல்லைன்னுட்டேன்."

என் கையிலிருந்து அரிசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அத்தை, அது நான்."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. அவர் முதன்முதலாக என் பேரை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார், அதுவும் யாரோ ஓர் எக்ஸ்சேஞ்சுக்காரரிடம். அதற்கு என் வீட்டிலிருந்தே அப்படி ஒருத்தி இல்லை என்று பதில் போயிருக்கிறது. பதில் சொன்னவள் அந்தப் பேரை எனக்கு வைத்தவள். பாத்திரத்தோடு அரிசியைக் கவிழ்த்துவிட்டு, "பேசவே விடல நீங்க! ஒரு நாளாவது விட்டீங்களா?" என்று கத்தினேன். அத்தையிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அத்தை திரும்பி முன்னறைக்குப் போனாள். கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டது. "டிரங்க். பெங்களூரு" என்றாள். அவர் சாப்பிடுகிற ஓட்டலிலிருந்துதான் எப்போதும் கூப்பிடுவார். அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம், அதுவரை ஒரு தரமும் அதைக் கூப்பிட்டதில்லை. "அர்ஜெண்ட் போடுங்க" என்றாள். அர்ஜெண்ட் என்றால் இரட்டிப்புக் கட்டணம். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கீழேயிருந்து ஆட்கள் வந்து மரம் அறுக்கிற சைஸ் கேட்டார்கள். "அப்புறம்" என்றாள். லாரிக்காரன் வந்து கூப்பிட்டான். "அப்புறம்" என்றாள். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மணி அடிக்க ஒரு யுகம் ஆனதுபோல் இருந்தது.

எடுத்ததும் சத்தமாகக் கேட்டாள். அந்தப் பக்கம் ஓட்டல்காரர். அவர் போட்ட கத்தல் எனக்கே கேட்டது.

"பொறப்பட்டுட்டாரும்மா! திடீர்னு ஆர்டரு வந்துட்டுது. வடக்கே எங்கியோ அனுப்பறாங்களாம், எந்த ஊருன்னு சொல்லக் கூடாதாம். ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு. ரயிலு கெளம்பியிருக்கும்."

அத்தை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.

"காலையில என்னா சாப்ட்டான்?"

"ரெண்டு இட்லிம்மா. ஒண்ணை வெச்சுட்டாரு."

"கம்பிளி எடுத்துக்கிட்டானா?"

"பொட்டி மேல கட்டியிருந்துச்சு."

"எந்தச் சட்டை?"

"அதை நான் பாக்கலியேம்மா... வெள்ளைன்னு நெனைக்கறேன்."

"இருமினானா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மகன் போய்விட்டான், என் வாயை அடைத்தாகிவிட்டது, இப்போதும் கட்டின காசுக்கு மூன்று நிமிஷத்தை நிரப்புகிறாளே என்றுதான் தோன்றியது. போய்ப் பிடுங்கிக் கீழே போடலாமா என்றிருந்தது. அப்போது அவள் திரும்பினாள்.

"இந்தா. இன்னும் நேரம் இருக்குது. நீ கேளு."

டெலிபோன் என் காதுக்கு வந்தது அன்றுதான். எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை; அவளே திருப்பி வைத்துவிட்டாள்.

"அவரு... எதுக்குக் கூப்பிட்டாரு?" என்று கேட்டேன்.

"தெரியலியேம்மா. நீங்க யாரு, மரகதம்மாவா? ஆளு இல்லியாம்னு எக்ஸ்சேஞ்சுல சொன்னாங்க. 'இருப்பாளே, அவ எங்க போவா, இருப்பாளே'ன்னு ரெண்டு தரம் சொன்னாரு. மறுபடியும் கேளுங்கன்னேன். அதுக்குள்ள வண்டி வந்துட்டுது."

அவர் திரும்பி வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அன்று என்ன சொல்லக் கூப்பிட்டீர்கள் என்பதுதான். மறந்துவிட்டது என்றார். இன்றும் கேட்டால் அதே பதில். நான் நம்பவில்லை, விடுவதாகவும் இல்லை. ஆனால் அன்று, அந்தச் சுவரோரம், திரும்பி வருவாரா என்பதே எனக்குத் தெரியாது. அடுத்து என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. கண்ணீர் டெலிபோனின் கறுப்பு வாய்க்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது.

நடுவில் எக்ஸ்சேஞ்சுக்காரர் புகுந்தார். "மூணு நிமிஷ ஆயித்தம்மா. எடுத்துடலாமா?"

எடுத்துவிட வேண்டியதுதான் என்று நானே காதிலிருந்து இறக்கினேன். அத்தை என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, குனிந்து, என் கன்னத்தோடு கன்னம் உரச, அந்த வாய்க்குள் கத்தினாள்.

"எடுக்காதீங்க! இன்னொரு மூணு நிமிஷம் போடுங்க. மரகதம் இங்கதான் இருக்கா. பேசிட்டிருக்கா."

நான் பேசவில்லை. அந்தப் பக்கம் தட்டுகள் மோதுகிற சத்தம் கேட்டது. யாரோ சாம்பார் கேட்டார்கள். "இருய்யா, லைன்ல ஆள் இருக்காங்க" என்று ஓட்டல்காரர் அதட்டினார். கூப்பிட்டும் பேச முடியாமல் அவர் நின்றிருந்த இடம் அது. நான் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். இரட்டிப்புக் கட்டணத்தில் அந்த மூன்று நிமிஷமும் ஒரு வார்த்தை இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அத்தை பக்கத்திலேயே நின்றாள். பேசு என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.